தொண்ணூற்றாறு சாவிகள்

விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள், காலை பத்து மணிக்கு விடுதிக்குள் போனேன். மூன்று வருடம் தங்கிப் படித்த இடம்தான். ஆனால் ஆள் இல்லாமல் அதைப் பார்த்ததில்லை. கொடிக்கயிறுகள் வெறுமனே தொங்கின. குழாயடி காய்ந்து கிடந்தது. எந்நேரமும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்த நீள நடையில், என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் ஓடிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

வாசலில் காவலுக்கு இருக்கும் அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

“வந்துட்டியா வாயாடி. மூணு வருஷம் கத்துனது பத்தலையா?”

“கத்த வரலக்கா. எழுத வந்திருக்கேன்.”

“அது அதவிட மோசம்.”

விடுதிக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. விழா மலர் போடுகிறார்கள். அதில் விடுதியின் வரலாறு நாற்பது பக்கம். எழுதச் சொன்னவர் மலர்க்குழுத் தலைவி. இதே விடுதியில் மாணவியாக இருந்து, பேராசிரியையாகி, இருபது ஆண்டு வார்டனாகவும் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் பெரிய மேடம். ஒழுங்காக எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு ஆய்வு மாணவிகளுக்கான மூன்று அறைகளில் ஒன்று எனக்கு.

அந்த அறை எனக்கு வேண்டும். எங்கள் வீடு மொத்தமே ஓர் அறைதான். அம்மா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை. நான் படிக்க உட்கார்ந்தால் யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் அறை கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் தையல் ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்து மிஷின். இதில் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா அலுவலக அறையைத் திறந்துவிட்டாள். பழைய பதிவேடுகள் அங்கேதான் அடுக்கியிருந்தன. விடுமுறையில் மெயின் ஸ்விட்ச் அணைத்துவிடுவார்கள். விசிறி இல்லை, விளக்கு இல்லை. ஜன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“ஒன்றரைக்கு முன்னாடி வாசலுக்கு வந்துடு. சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்குத் திரும்பப் போ.”

“பசிச்சா வர்றேன்.”

“பசிக்கலன்னாலும் வா.”

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கச் சாவிப் பலகை. நாற்பத்தெட்டு அறைகள், அறைக்கு இரண்டு கட்டில், கட்டிலுக்கு ஒரு சாவி. தொண்ணூற்றாறு கொக்கிகள். ஒவ்வொரு சாவியிலும் அறை எண்ணும் கட்டில் எண்ணும் பொறித்த பித்தளை வில்லை. விடுமுறை விடும் அன்று அவளவள் சாவியை மாட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் போக வேண்டும். பலகை நிறைந்ததும் வார்டன் “நிறைஞ்சாச்சு” என்பார். உடனே தண்ணீரை அடைப்பார்கள், மின்சாரத்தை நிறுத்துவார்கள், கேட்டைப் பூட்டுவார்கள். ஒன்றரை மணி அதற்கான நேரம். அறைகளுக்குள் போய் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த விடுதியில் ஆளை எண்ணியதே கிடையாது. சாவியைத்தான் எண்ணுவார்கள். அது இரண்டு நிமிட வேலை.

அலுவலகத்துக்கு அடுத்தது பெட்டியறை. விடுமுறைக்குப் போகிறவர்கள் தங்கள் தகரப் பெட்டிகளை வைத்துவிட்டுப் போகும் இடம். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு. வெளியே உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

அன்று அடிக்கல், திறப்பு விழா, முதல் பத்து ஆண்டுகள் என்று குறிப்பெடுத்துக்கொண்டே நேரத்தை மறந்துவிட்டேன்.

டொக். டொக். டொக்.

நிமிர்ந்தேன். அக்கா கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். நடையில் யாரும் இல்லை.

மறுபடியும் மூன்று. கொஞ்சம் பலமாக. இரும்பின் மேல்.

பெட்டியறைக் கதவு. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தட்டுவது உள்ளேயிருந்து.

“யாரு?” என்றேன்.

தட்டுவது நின்றது. கூப்பிட்டவுடன் காது கொடுத்துக் கேட்கிற ஆள் மாதிரி நின்றது. பிறகு என் முதுகுக்குப் பின்னால், அலுவலகத்தில், ஏதோ கிணுகிணுத்தது. சாவிப் பலகையில் தொண்ணூற்றைந்து சாவிகள் அசையாமல் தொங்கின. ஒன்று மட்டும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாம் அறை, இரண்டாம் கட்டில்.

ஓடினேன். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் மூச்சு வாங்கி முடித்ததும் சொன்னாள்.

“எலின்னு சொல்வாங்க. எந்த எலி இவ்ளோ மரியாதையா கதவத் தட்டும்?”

“எத்தன வருஷமாக்கா?”

“நான் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம். எனக்கு முன்னாடி இருந்த அம்மாவும் சொல்லிட்டுத்தான் போச்சு. லீவு விட்ட மொத நாள் சும்மா, விளையாட்டா தட்டுற மாதிரி இருக்கும். ரெண்டாம் நாள் பலமா. அப்புறம் கொறைஞ்சுக்கிட்டே வரும். ஆறாம் நாள் காத வெச்சாத்தான் கேக்கும்.”

“ஏழாம் நாள்?”

“ஏழாம் நாள் ஒண்ணும் இருக்காது.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பயத்துக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. எனக்கு அது பழக்கமானதுதான், எங்கள் வீட்டில் அதைத் திமிர் என்பார்கள். ஆறு நாள் ஒருத்தி கதவைத் தட்டியிருக்கிறாள். பதிவேடுகள் எல்லாம் என் கையில் இருக்கின்றன. எங்கே போய்விடுவாள்?

மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்.

நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவேடு. விடுமுறை முடிந்து விடுதி திறந்த நாளின் பக்கத்தில், இருபத்திரண்டாம் அறை, இரண்டாம் கட்டிலுக்கு நேரே: ‘திரும்பவில்லை. பெயர் நீக்கப்பட்டது.’ விடுமுறை விட்ட நாளுக்குப் புரட்டினேன். அந்த அறையின் இரண்டு சாவிகளுக்கும் கையெழுத்து இருந்தது. பெயர்கள் வேறு, கை ஒன்றுதான். இரண்டுக்கும் அடியில் இழுத்த கோடு, தூண்டில் முள் போலப் பின்னால் வளைந்திருந்தது.

அந்த வளைவை எனக்குத் தெரியும். நான் மாதிரிக்கு எழுதிக் கொடுத்திருந்த பத்துப் பக்கத்திலும், திருத்திய இடமெல்லாம், பெரிய மேடம் போட்டிருந்த வளைவு. இரண்டு பெயரில் ஒன்றும் அவருடையதே.

கடிதக் கோப்பில் அவள் விண்ணப்பம் கிடைத்தது. ‘எங்கள் வீடு ஓர் அறை. ஏழு பேர் இருக்கிறோம். விடுமுறைக்குப் பிறகு தேர்வு. விடுதியிலேயே தங்கிப் படிக்க அனுமதி வேண்டுகிறேன். உணவு வேண்டாம். தண்ணீரும் விளக்கும் போதும்.’ ஓரத்தில் ஒரே சொல்லில் பதில்: ‘வழியில்லை.’

அதற்கு மூன்று தாள் தள்ளி அவள் அப்பாவின் கடிதம். யாரையோ வைத்து எழுதி, கீழே கைரேகை வைத்திருந்தார். ‘மற்ற பிள்ளைகளின் பெட்டிகளைத் திருட உள்ளே போனாள் என்று சொன்னீர்கள். என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுடைய புத்தகங்களை மட்டும் அனுப்பி வையுங்கள்.’ அதன் தலையில் ‘கோப்பில் வைக்கவும்’ என்று எழுதி யாரோ கையெழுத்திட்டிருந்தார். அனுப்பியதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

அந்த ஆண்டின் அறிக்கையையும் பார்த்தேன். சாதனைகள் என்ற தலைப்பின் கீழ், ‘பெட்டியறைக்குப் புதிய இரும்புக் கதவும் பூட்டும். மாணவியர் உடைமைகளுக்கு இனி முழுப் பாதுகாப்பு.’

அன்று ஒன்றரை மணிக்கு நான் வாசலுக்குப் போகவில்லை. தட்டுகிற சத்தம் முந்தின நாளைவிடக் குறைந்திருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில் என் கைவிரல்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் அக்காவிடம் பெட்டியறைச் சாவியைக் கேட்டேன்.

“உனக்குக் கிறுக்கா?”

“திறந்துவிட்டா போதும். நீங்க வாசலுக்குப் போயிடுங்க.”

“போகாம? உன்கூடக் கைகோத்துக்கிட்டு நிப்பேன்னு நெனச்சியா?” என்றாள். ஆனால் வந்து திறந்தாள். கீல் முனகியது. உள்ளேயிருந்து துருவும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை, வெந்த காற்றோடு முகத்தில் அடித்தது. அக்கா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

சுவரோரம் பெட்டிகள், கூரைவரை. வேறு ஒன்றுமில்லை. கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வருடாவருடம் பச்சை வண்ணம் பூசிப் பூசித் தோல் போலத் தடித்திருந்தது. விரலால் தடவினேன். வண்ணத்துக்கு அடியில் வரிவரியாகப் பள்ளங்கள். என் தோள் உயரத்தில் தொடங்கின. பிறகு இடுப்பு உயரம். பிறகு முழங்கால்.

கடைசிப் பள்ளங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தன.

நான் குனிந்து அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தபோது மணி ஒன்றரை ஆகியிருக்க வேண்டும்.

டொக்.

திறந்து கிடக்கும் கதவில். என் கண்ணெதிரில். என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

அங்கே கை இல்லை. ஆனால் என் விரலுக்கு அடியில் இரும்பு அதிர்ந்தது.

“கதவு திறந்துதான் இருக்கு,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “வெளிய வா.”

டொக்.

பிறகு, கீழேயிருந்து, உலர்ந்த உதடு ஒட்டிப் பிரியும் ஒலியோடு, ஒரு குரல் கிசுகிசுத்தது.

“சாவி மாட்டியாச்சா?”

அவள் என்னைக் கேட்கவில்லை. கதவு திறந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு ஆண்டாக வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் முழுக்க உட்கார்ந்து அந்த ஆண்டின் பக்கத்தை எழுதினேன். ஒரே பக்கம். அவள் பெயர், அவள் ஊர், அவள் விண்ணப்பம், அப்பாவின் கடிதம், கதவு. முடித்துவிட்டு, வரைவைப் பார்க்க வரச்சொல்லி மேடத்துக்குத் தகவல் அனுப்பினேன்.

ஆறாம் நாள் பகல் ஒரு மணிக்கு அவர் வந்தார். அறுபது வயதிலும் நிமிர்ந்த நடை. அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிசையாகப் படித்துவந்தார். தலையசைத்தார். ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார். பிறகு அந்தப் பக்கம் வந்தது.

“இது வேண்டாம். எடுத்துடும்மா.”

“தப்பா ஏதாவது எழுதிட்டேனா மேடம்?”

“மலர்னா அதுல நல்லது இருக்கணும். பழைய மாணவிங்க எல்லாம் குடும்பத்தோட வருவாங்க. அவங்க கையில போய் இதக் குடுக்க முடியுமா?”

“இவளும் பழைய மாணவிதான்.”

அவர் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“உனக்கு ரூம் வேணுமா, வேண்டாமா?”

“வேணும் மேடம். ரொம்ப வேணும். இவளும் அதத்தான் கேட்டிருக்கா. லெட்டர் இருக்கு.” பழைய பதிவேட்டை விரித்து அவர் முன்னால் நகர்த்தினேன். “சாவி மாட்டுன கையெழுத்து ரெண்டும் ஒரே ஆளோடது. எனக்கு அந்தக் கை தெரியும்.”

அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போடவில்லை. மரத்தில் ஒரு பறவை கத்தி ஓய்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எதுவும் அசையவில்லை.

பெட்டியறைக் கதவை நான் பூட்டாமல் விட்டிருந்தேன்.

தட்டும் சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு உள்ளங்கை இரும்பின் மேல் மெதுவாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் ஒலி. தரைவரை இறங்கியது.

“சாவி... மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சுடி நெட்ட. நீ சத்தம் போடாம இரு.”

சொன்னது மேடம்.

ஆனால் அது அவர் குரல் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரல். அவசரமும் சிரிப்பும் கலந்த, வார்டனுக்குப் பயந்த குரல். அது வெளியே வந்த பிறகுதான் அவர் கை வாயைப் பொத்தியது.

பொத்திய கைக்குள்ளிருந்தே பேசினார்.

“முந்தின வருஷமும் அப்படித்தான் இருந்தா. நான் ரெண்டு சாவியையும் மாட்டிடுவேன். அவ பெட்டியறையில ஒளிஞ்சிருப்பா. எல்லாரும் போனதும் வெளிய வருவா. அப்ப மரக்கதவு, தாழ்ப்பாள் கூடச் சரியா விழாது. கெணத்துத் தண்ணி, மெழுகுவத்தி. லீவு முழுக்கப் படிச்சா. மொத மார்க் அவதான்.”

“அந்த வருஷம் கதவு மாத்துனது உங்களுக்குத் தெரியாதா?”

“மாத்துனது தெரியும். பூட்டுவாங்கன்னு தெரியாது.” நிறுத்தினார். “பூட்டுனத பார்த்தேன்.”

“சாவி எண்ணியாச்சு. வார்டன் நிறைஞ்சாச்சுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மணிக்கு பஸ். அந்த நேரத்துல நான் வாயத் தெறந்தா ரெண்டு பேர் சீட்டும் போயிடும். எங்க வீட்டுலயும் நான்தாம்மா மொத மொத படிக்க வந்தவ. தட்டுவா, யாராவது தெறந்துவிடுவாங்கன்னு நெனச்சேன். பஸ்ஸுல உக்காந்துட்டும் அதையேதான் நெனச்சேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?”

இந்தக் கேள்விக்கு எளிதான பதில் உண்டு. அதைச் சொல்லி அவரைக் குத்தியிருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது. பேசாமல் இருந்தால் அது கிடைக்கும். அதே பேரம், அதே அறையில், இப்போது என் முன்னால்.

“அப்ப நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியாது மேடம். இப்ப இருக்கேன். பக்கத்த எடுக்க மாட்டேன்.”

எழுந்து பலகைக்குப் போனேன். அந்தச் சாவி ஆடவில்லை. மற்றவற்றோடு அடக்கமாகத் தொங்கியது. கொக்கியிலிருந்து எடுத்தேன். நெருப்பில் கிடந்ததைப் போலச் சுட்டது. விடவில்லை. நடையில் இறங்கி, பெட்டியறை வாசலில் நின்று, மூன்று வருடமாக எந்தக் குரலுக்காக என்னைத் திட்டினார்களோ அந்தக் குரலில் கத்தினேன்.

“நிறையல. தொண்ணூத்தஞ்சுதான் இருக்கு. ஒரு ஆள் இன்னும் உள்ள இருக்கு. யாரும் பூட்டாதீங்க.”

நடை முழுக்க அது ஓடி, மாடி ஏறி, ஒவ்வொரு பூட்டிய அறையையும் தொட்டது. வாசலில் அக்கா எழுந்து நிற்பது தெரிந்தது. எனக்குப் பின்னால் மேடம் அழுதார்.

திறந்திருந்த கதவு மெல்ல, கீல் முனகாமல், இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது. என் கழுத்தோரம் சூடான காற்று ஒன்று உரசிக் கடந்தது. என்னைவிட உயரமான ஒன்று.

மேடம் அழுதார் என்பதற்காகக் கதை மாறிவிடவில்லை. மறுவாரமே அச்சகத்துக்குச் சொல்லி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். என் அறையும் போனது. அழுவதும் ஒரு பழக்கம்தான், சிலருக்கு அது வேலையைக் கெடுப்பதில்லை. நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்கு மேலேயே இரண்டு பெண்களோடு தங்கினேன். விழாவுக்கு முந்தின நாள், மலரைக் கட்டுப் பிரித்து அடுக்கும் வேலை விடுதிப் பெண்களுக்கு. நான் கடையில் எடுத்துக் கொடுத்த அந்தப் பக்கத்தின் அறுநூறு பிரதியையும் அறுநூறு மலரில், முப்பத்து நாலாம் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில், பசை தடவி ஒட்டினார்கள். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. படித்துவிட்டுத்தான் ஒட்டினார்கள்.

மேடையில் மேடம் மலரைத் திறந்தார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. வாசிக்கவும் இல்லை. மடியில் மூடி வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கீழே கூட்டத்தில் வெள்ளைத் தலைகள் ஒவ்வொன்றாக எழுந்து கேள்வி கேட்கத் தொடங்கின.

கல்லூரி நிர்வாகத்தோடு சண்டை ஒரு வருடம் நடந்தது. எழுத்தில் வாங்கினோம். போக இடமில்லாதவர்கள் விடுமுறையிலும் விடுதியில் தங்கலாம். தண்ணீர் உண்டு, விளக்கு உண்டு. சாவியை எண்ணக்கூடாது, ஆளைத்தான் எண்ண வேண்டும்.

இந்த ஆண்டுதான் முதல் விடுமுறை. பதினான்கு பெண்கள் தங்குகிறார்கள், அறைக்கு ஒருத்தி. இரண்டாம் நாள் பகலில், கடையில் சொல்லிவிட்டுப் பார்க்கப் போனேன். பெட்டியறையில் சத்தம் இல்லை. ஒன்றரை மணியும் தாண்டியது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன்.

அப்போது மேல்மாடியிலிருந்து முதலாண்டுப் பெண் ஒருத்தி தண்ணீர் பிடிக்க இறங்கி வந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. மலர் வந்த பிறகு சேர்ந்தவள்.

“வசதியா இருக்கா?” என்றேன்.

“நல்லாருக்குக்கா. எங்க வீட்ல இவ்ளோ அமைதியாப் படிச்சதே இல்ல. ரூம்ல இருக்கற அக்காவும் தொந்தரவே குடுக்க மாட்டாங்க. படிச்சுக்கிட்டே இருப்பாங்க. பாவம், அவங்க உயரத்துக்குக் கட்டில்தான் பத்தல, கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு.” வாளி நிறைந்தது. குழாயை மூடினாள். “ஒண்ணே ஒண்ணுதான், கதவ மட்டும் சாத்தவே விட மாட்டேங்கறாங்க.”

அக்கா தந்த, தங்குகிறவர்களின் பட்டியல் என் கையில் இருந்தது. அவள் அறைக்கு நேரே அவள் பெயர் மட்டும்தான்.

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது. என் வாய்க்குப் பயந்து பழக்கமில்லை.

“சாத்தாத,” என்றேன். “யார் வந்து சாத்தச் சொன்னாலும் சாத்தாத. என்னக் கூப்பிடு.”

“சரிக்கா.” வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனவள் நின்று திரும்பினாள்.

“அவங்களும் உங்களத்தான் கூப்பிடச் சொன்னாங்க.”